ரெண்டு சீட்டு சார்

ராமநாதபுரம் ஜில்லா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ரெண்டு சீட்டு சாரைப் போல மனிதர்களை நம்பாத இன்னொரு மனிதரைப் பார்க்க முடியாது. வெளியே மழை பெய்கிறது என்று நீங்கள் சொன்னால் நம்பமாட்டார். சொட்டச் சொட்ட நனைந்து வந்து சொன்னாலும் நம்பமாட்டார். ஆனால் உங்களை ஒரு அறையிலும் இன்னொருவரை வேறு அறையிலும் உட்காரவைத்து, ஆளுக்கொரு சீட்டில் 'மழை' என்று எழுதி வாங்கிவிட்டார் என்றால், சுள்ளென்று வெயில் அடித்தாலும் குடையை விரித்துவிடுவார்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் கடலை ஒட்டி இருந்த ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் நாங்கள் வேலை பார்த்தோம். படகிலிருந்து வந்து இறங்கும் மீனை முகர்ந்து பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று சீட்டில் எழுதிக் கொடுக்க இரண்டு பெண்கள் இருந்தார்கள். தங்கச்சிமடத்து ரோசம்மாக்கா ஒருவர். பெரியபட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ஜெய்னம்பு ராத்தா இன்னொருவர்; எங்கள் பக்கம் ராத்தா என்றால் அக்கா. அவர்கள் எழுதிய சீட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. இரண்டு பேர் மூக்கும் ஒத்துப்போகிறதா, எவ்வளவு ஒத்துப்போகிறது, அந்த ஒப்புதலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கணக்கிட்டுக் கடைசியில் கையெழுத்துப் போடுவது சாருடைய வேலை. புள்ளியியல் படித்தவர், அபிராமத்துக்காரர். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, நோட்டுத்தாளை நாலாகக் கிழித்த சீட்டுக் கத்தை ஒன்று எப்போதும் இருக்கும்.

ஆபீஸோடு அந்தச் சீட்டு நின்றிருந்தால் அவருக்கு இந்தப் பெயர் வந்திருக்காது. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஒரு வாய்கூட வைக்கமாட்டார். நேராக ரோசம்மாக்காவிடம் நீட்டுவார். அக்கா முகர்ந்து பார்த்துச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கும். பிறகு அதே பாக்ஸ் அடுத்த அறையில் இருக்கும் ஜெய்னம்பு ராத்தாவிடம் போகும். இரண்டு சீட்டிலும் 'நல்லா இருக்கு' என்று இருந்தால்தான் சாப்பாடு. ஒன்றில் 'நல்லா இருக்கு', மற்றதில் 'ஊசிப்போச்சு' என்று வந்துவிட்டால் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிடுவார். கல்லூரியில் முதல் வகுப்பில் தேறிய நான், ரெண்டு வருஷம் பீன்ஸ் பொரியலுக்கு நீதிபதியாக இருந்தேன்.

"தினமும் இதே எழவாப் போச்சு. இந்த மனுசன் ஆக்குற சாம்பாரை மோந்து மோந்து எனக்கு மீன் வாசமே மறந்துபோச்சு" என்று ரோசம்மாக்கா அலுத்துக்கொள்ளும்.

சாப்பாட்டைக்கூட மன்னித்துவிடலாம். திடீரென்று ஒருநாள் வராந்தாவில் என்னை ஓரங்கட்டி, "தம்பி, எம்மேல வாடை எதுவும் அடிக்குதா?" என்று கேட்டார். இல்லை சார் என்றேன். தலையாட்டிவிட்டு நேரே வாட்ச்மேனிடம் போனார். அங்கேயும் கையை உயர்த்திக்கொண்டு அதே கேள்விதான். வாட்ச்மேன் அரண்டுபோய், "சாருக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்று என்னிடம் விசாரித்தார். ஒருத்தர் சொன்னது பத்தாதாம், இது இரண்டாவது சீட்டு என்று விளக்கினேன். வாட்ச்மேன் அதன் பிறகு சாரைக் கண்டாலே கேட்டைத் திறந்துவிடும் சாக்கில் தூரமாகப் போய்விடுவார்.

அவர் மேனேஜரின் கேக்கைக் கெடுத்த கதை கம்பெனியில் இன்றைக்கும் பேசப்படுகிறது. ஒரு மாதம் இரண்டு பெண்களின் சீட்டும் நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போயிருந்தன. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. ராமநாதபுரத்திலிருந்து கேக் வரவழைத்து அதன்மேல் க்ரீமில் '90' என்று எழுதச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். கத்தி கேக்கைத் தொடப்போகும் நேரத்தில் சார் கையைத் தூக்கினார்.

"சார், அந்த மாசம் ஜெய்னம்புக்கு ஜலதோசம். மூக்கடைப்பு. எல்லா மீனுக்கும் முதல் தரம்னே எழுதியிருக்கு."

"இருக்கட்டுமேய்யா, தொண்ணூறு வந்திருக்குல்ல?"

"வந்த மீன்ல நூத்துக்குத் தொண்ணூறு நல்ல மீன். எதையும் மோக்காம எல்லாத்துக்கும் முதல் தரம்னு எழுதிவச்சாலே தொண்ணூறு ஒத்துப்போயிரும். மூக்கே இல்லாத ஆளை இங்கன உக்காத்தி வச்சாலும் தொண்ணூறு வாங்குவான். அதிர்ஷ்டத்தைக் கழிச்சுட்டு மிச்சம் என்ன இருக்குன்னு பாக்கணும் சார்."

"மிச்சம் என்ன இருக்கு?"

"பூஜ்யம்."

அதிர்ஷ்டத்தைக் கழித்து வரும் அந்த எண்ணுக்குக் கப்பா என்று பெயர். ஒன்று வந்தால் முழு ஒப்புதல். பூஜ்யம் வந்தால் பூவா தலையா போட்டு எழுதியதற்குச் சமம். அதற்கும் கீழே போனால் பூவா தலையாவே மேல். இதையெல்லாம் அவர் கேக்கின் முன்னால் நின்று பதினைந்து நிமிஷம் விளக்கினார். க்ரீமில் இருந்த ஒன்பது உருகி வழிந்து, கடைசியில் கேக்கிலும் பூஜ்யம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மேனேஜர் அன்றிலிருந்து சாரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்படியானால் முழு ஒப்புதல் வந்தால் மகிழ்ச்சி அடைவாரா என்றால் அதுவும் இல்லை. ஒரு வாரம் இரண்டு பெண்களின் சீட்டும் அச்சில் வார்த்தது போல ஒன்றாக இருந்தன. கப்பா ஒன்று. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். சார் முகம் இருண்டுவிட்டது.

"தம்பி, ரெண்டு மனுசங்க இம்புட்டு ஒத்துப்போக மாட்டாக. பேசியிருக்காக."

"அக்கா ஒரு ரூம், ராத்தா ஒரு ரூம் சார். போனையும் வாங்கி வச்சுட்டோம்."

"அப்ப மீன் பேசியிருக்கு" என்றார்.

மூன்று நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். உண்மையிலேயே மீன்தான் பேசியிருந்தது. ரோசம்மாக்காவின் அம்மா கரையில் மீன் விற்றவர். மனசுக்குப் பிடிக்காத மீனைத் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பது அந்த அம்மாவின் பழக்கம். அது மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்து மோசமென்றால் கை தானாக மீனின் முகத்தைத் திருப்பிவிடும். அதே தட்டு அடுத்த அறைக்குப் போகும்போது ஜெய்னம்பு ராத்தா தலையைப் பார்த்தே எழுதிவிடும்.

"அல்லாவே, நான் காப்பியடிக்கல சார். மூஞ்சியத் திருப்பிக் கெடக்குற மீனை எப்புடி நல்ல மீனுன்னு எழுத மனசு வரும்?" என்றது ராத்தா.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு தட்டையும் அடுத்த அறைக்கு அனுப்பும் முன் சார் தாமே குனிந்து, மீன்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்கத் திருப்பிவைக்க ஆரம்பித்தார்.

நாங்கள் சிரித்தோம். சாயங்காலமானால் எனக்கும் சிரிப்பதற்கு வேறு எதுவும் இருக்காது. எனக்கு ஊர் கீழக்கரை. அண்ணன்மார் மூன்று பேரும் வளைகுடாவில். உம்மாவும் பெரியண்ணனோடு போய்விட்டது. மண்டபத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தேன். போனில் எல்லோரும் 'சாப்பிட்டியா' என்று கேட்பார்கள், நான் 'ஆச்சு' என்பேன், அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். சாரும் தனியாகத்தான் இருந்தார். ஒரே மகளின் பிரசவத்துக்காக பஹ்ரைனுக்கு ஆறு மாதம் என்று போன அவர் மனைவி, அது நீண்டு நீண்டு அடுத்த பிரசவமும் வந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு தெரு தள்ளி இருந்தும் நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. அவர் கூப்பிடமாட்டார், நானும் கேட்டதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலை சாருடைய வீட்டுக்காரர் கம்பெனிக்குப் போன் பண்ணினார்.

"ஒங்க சாரு ரெண்டு நாளா வெளிய வரல. வீட்டுக்குள்ள ஏதோ செத்து நாறுது. அவராவே இருந்துறப்போறாரு, ஆளு அனுப்புங்கய்யா."

சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். தெரு முனையிலேயே நாற்றம் முகத்தில் அறைந்தது. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. கதவைத் தட்டோ தட்டென்று தட்டினேன். சார் கதவைத் திறந்தார். லீவு போட்டிருந்தாராம். ஒரு கையில் பேப்பர், ஒரு கையில் டீ டம்ளர்.

"வாப்பா, என்ன இப்புடி மூச்சு வாங்குது?"

உள்ளே அவர் நாற்காலிக்கு மேலே ஜன்னல் கம்பியில் ஒரு பை தொங்கியது. வெள்ளிக்கிழமை யாரோ படகுக்காரர் அன்பாகக் கொடுத்த இரண்டு கிலோ விளைமீன். மாட்டிவிட்டு மறந்துபோயிருக்கிறார். அதற்குக் கீழேதான் மூன்று நாளாக உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்.

"சார், உங்களுக்கு நாறலையா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

சார் என் கையைப் பார்த்தார். பிறகு நான் பார்த்த பக்கம் அண்ணாந்து பையைப் பார்த்தார். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

பையைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த பிறகு சொன்னார். "காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்பப் போன மூக்கு. ரெண்டு வருசமாச்சு. டாக்டரு வரும்னாரு. வரல."

"பஹ்ரைன்ல இருக்குற அக்காவுக்குத் தெரியுமா சார்?"

"சொன்னா கெளம்பி வந்துரும். அங்க புள்ளை கஷ்டப்படும். போன்ல, 'மல்லிகை வாங்கி சாமிக்குப் போட்டீங்களா, வாசமா இருக்கா'ன்னு கேக்கும். கமகமன்னு இருக்குன்னு சொல்லிருவேன்."

டீ டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகு, "ஒருத்தர்கிட்ட கேட்டா எம்மனசு நோகக்கூடாதுன்னு நல்லாருக்குன்னு சொல்லிருவாக தம்பி. ரெண்டு பேரு தனித்தனியா ஒரே பொய்யைச் சொல்றது கஷ்டம். அதான் சீட்டு. நான் குளிச்சும் நாறுறனான்னு எனக்கே தெரியலப்பா" என்றார்.

நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் எனக்கு ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. மீன் கம்பெனியில் மூக்கில்லாதவருக்கு வேலை எப்படி இருக்கும்? யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். சத்தியம் செய்தேன்.

சத்தியம் மூன்று மாதம் நின்றது. எங்களிடம் மீன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து உத்தரவு வந்தது. தரத்தாளில் கையெழுத்துப் போடுகிற எல்லோரும், யாராக இருந்தாலும், முகர்தல் பரீட்சை எழுத வேண்டும். மூடி போட்ட இருபது டப்பா, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மீன். திறந்து முகர்ந்து தரம் எழுத வேண்டும். ரோசம்மாக்காவும் ஜெய்னம்பு ராத்தாவும் சேர்ந்து எழுதிய விடையோடு ஒத்துப்போகாதவர்கள் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்தை விட்டால் சாருக்கு அங்கே வேறு வேலை கிடையாது. மேனேஜர் இன்னும் கேக்கை மறக்கவில்லை.

டப்பாக்களை அடுக்கிவைக்கும் பொறுப்பு ரோசம்மாக்காவுக்கு. நான் இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா கேட்டுவிட்டுச் சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டது.

"மாதாவே. அதுக்குத்தானா தினம் அந்த டப்பாவைத் தூக்கிட்டு வந்துச்சு? நான் எம்புட்டு ஏசியிருக்கேன்" என்றது. பிறகு, "நீ போ. நான் பாத்துக்குறேன்" என்றது.

பரீட்சை அன்று சீட்டு வாங்கிவைக்க நான் அறைக்குள் நின்றேன். வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் வரிசையாக இருபது டப்பா. ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டியிருந்தது. சில டப்பாக்களின் நம்பர் நேராக நம்மைப் பார்த்தது. சிலது பாதி திரும்பியிருந்தது. சிலது முழுசாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு.

சார் உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அசையவில்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டப்பாக்கள் மேஜையில் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் முதல் டப்பாவிலிருந்து இருபதாவது டப்பா வரை ஒவ்வொன்றாக எடுத்து, எல்லா நம்பரும் நேராகப் பார்க்கும்படி திருப்பிவைத்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு உட்கார்ந்து, மூடி திறந்து, முகர்ந்து, இருபது சீட்டும் எழுதினார். அவசரமே படவில்லை.

விடையையும் அவரே சரிபார்த்தார். இருபதில் ஆறு ஒத்துப்போனது. அதிர்ஷ்டத்தைக் கழித்தார். பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. எல்லோருடைய கப்பாவையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது வழக்கம். தன்னுடையதையும் எழுதி, நாலு மூலையிலும் குண்டூசி குத்தி ஒட்டினார். மேனேஜர் வந்து படித்தார். சந்தோஷப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நேராக உள்ளே போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் சார் அபிராமத்துக்கே கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ் வந்த பிறகு கேட்டார்.

"சொல்லிட்டியா தம்பி?"

"சொல்லிட்டேன் சார்."

"எத்தனை பேருகிட்ட?"

"ரோசம்மாக்கா ஒருத்தர்கிட்டதான்."

"ஒருத்தரு தானே. அப்ப அது இன்னும் உறுதியாகல" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பியபோது நான் கையை ஆட்டினேன், அவர் திரும்பவில்லை.

என்னை நம்பி ஒருவர் சொன்ன ஒரே விஷயத்தை நான் காப்பாற்றவில்லை. சொல்லாமல் இருந்திருந்தாலும் முடிவு அதேதான் என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். அதை ஒத்துக்கொள்ள இன்னொரு ஆள் கிடைக்கவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் முகர்ந்து பார்க்கச் சொல்லி நீட்ட ஆள் இல்லை. ரோசம்மாக்கா ஒருநாள், "அந்த ஊசிப்போன சாம்பாரு மோந்தாத்தான் எனக்குச் சோறு எறங்கும்போல இருக்கு" என்றது. மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

எட்டு மாதம் கழித்துத்தான் அபிராமம் போக எனக்குத் துணிச்சல் வந்தது. வாசலில் என்னைப் பார்த்ததும், "இங்கன எப்புடி? வா, வா" என்றார். மெலிந்திருந்தார். மனைவி இன்னும் பஹ்ரைனில்தான், இப்போது பேரப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். வீட்டில் ஒரு நாற்காலிதான் இருந்தது. என்னை அதில் உட்காரவைத்துவிட்டு டீ போடப் போனார்.

அடுப்படியிலிருந்து பால் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். வழக்கமாக எதிர்வீட்டு அம்மாவிடம் ஒரு தடவை, தையல்கடைக்காரரிடம் ஒரு தடவை வாசலில் வைத்தே காட்டிக்கொள்வாராம். அன்றைக்கு என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு தம்பி. காலையில வாங்குனது."

முகர்ந்தேன். இவ்வளவு கவனமாக நான் கம்பெனியில் ஒருநாள்கூட முகர்ந்ததில்லை. "நல்லா இருக்கு சார்" என்றேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். எனக்குப் புரிந்தது. எழுந்து செருப்பைத் தேடினேன்.

"எதிர்வீட்டு அம்மாவைக் கூட்டிட்டு வாரேன் சார்."

"எதுக்கு?"

"ரெண்டாவது சீட்டு."

சார் பாத்திரத்தை அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போனார். "வேண்டாம்பா. நீ சொல்லிட்டேல்ல" என்று அங்கிருந்தே சொன்னார்.

எட்டு மாதமாக நெஞ்சில் இருந்தது அந்த ஒரு வார்த்தையில் இறங்கியது.

டீ வந்தது. ஒரு மடக்குக் குடித்தேன். துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையைக் கரைத்தது போல இருந்தது. சார் தன் டம்ளரை ரசித்துக் குடித்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்கு என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. ஆனால் அவர் இப்போதுதான் என்னை ஒற்றை ஆளாக நம்பியிருக்கிறார்.

"சார், டீத்தூளை எங்க வச்சிருக்கீங்க?"

"துணி அலமாரியில. அடுப்படியில பூனை தட்டிவிட்டுருது."

"அந்துருண்டை வாசம் சார். குடிக்க முடியல."

அவர் டம்ளரை இறக்கினார். "வந்த நாள்ல இருந்து இதத்தானே குடிக்கிறேன்" என்றார். "பாலை எல்லாரும் மோந்து பாத்தாக. உள்ள வந்து எங்கூட உக்காந்து டீ குடிக்கத்தான் யாரும் இல்லப்பா."

டம்ளரை வாங்கிக் கொட்டிவிட்டு வருவதாகக் கையை நீட்டினார். புது டீத்தூள் வாங்க இரண்டு பேரும் கடைக்குப் போகலாம் என்றும் சொன்னார். போகலாம் சார், ஒரு நிமிஷம் என்று சொல்லி, என் டம்ளரில் இருந்ததைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தேன்.